அரங்க வழக்கும் உலகநோக்கும்: எலிசபெத்துக் கால நாடகமும் சேதுநாட்டு இசை நாடகமும்

தொல்காப்பியர் அகப்பொருள் நெறியை வரையறுக்குமிடத்து நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டினை எடுத்தோதுகின்றார். உலகில் நிகழ்வது உலகியல் வழக்கு. அதனைச் சுவைபடப் புனைந்துரைத்தற்குப் புலவர் அமைத்துக்கொண்ட நெறி நாடக வழக்கு. இப்பாகுபாடு அகப்பாட்டினை நோக்கி எழுந்ததாயினும், அரங்கில் ஆடப்பெறும் நாடகத்திற்கும் பொருந்துவதே. மேடைமேல் நிற்பவன் மெய்யாகவே அரசன் அல்லன். பாட்டினால் வழக்காடுவோரை உலகிற் காண்டல் அரிது. ஓர் இரவிற்குள் ஒருவன் வாழ்வு முழுதும் கழிந்துவிடுதலும் இல்லை. இவற்றையெல்லாம் நன்கறிந்திருந்தும் காண்போர் அவற்றிற்கு உடன்படுகின்றனர். இவ்வுடன்பாட்டினையே ஈண்டு அரங்க வழக்கு என்று குறிக்கின்றோம்.

எலிசபெத்துக் கால ஆங்கில நாடகத்தின் அரங்க வழக்குகளையும், இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஆடப்பெறும் இசை நாடகத்தின் அரங்க வழக்குகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விரண்டிற்கும் பிறப்பு வழியிலோ கடன்கோடல் வழியிலோ தொடர்பு உண்டென்பது நம் கருத்தன்று. இரண்டும் தத்தம் நிலத்தில் தாமே வளர்ந்தவை. ஆயினும் ஒன்றன் இயல்பை மற்றொன்று விளக்கிக் காட்டுகின்றது. புறத்தே ஒத்துத் தோன்றும் வழக்குகள் அகத்தே எத்துணை வேறுபட்ட உலகநோக்கினைத் தாங்கி நிற்கின்றன என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாக அமைந்தது அபிராமத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், கோயில் திருவிழா இரவில், நாம் கண்ட அரிச்சந்திர நாடகமாகும். மயான காண்டம் தொடங்குமுன் கீழ்வானம் வெளுத்துவிட்டது. சுடலையின் காரிருளைச் சந்திரமதி பாடிக்கொண்டிருக்க, மேடைக்கு எதிரே அமர்ந்திருந்தோர் முகங்கள் விடியலொளியில் தெளிவாகத் தெரிந்தன. அவர்களுள் எவரும் அதனை ஒரு முரணாகக் கொண்டிலர். பகலொளியில் நள்ளிரவைக் காட்டிய வேறோர் அரங்கு அப்போது நம் நினைவிற்கு வந்தது.

1. இலண்டன் அரங்கின் இயல்பு

இலண்டன் நகரெல்லைக்கு வெளியே ஷோர்டிச்சுப் பகுதியில் 1576-இல் சேம்சு பர்பேசு என்பார் நாடகத்திற்கெனவே ஓர் அரங்கு எழுப்பினார். சேக்சுபியர் பங்குகொண்டிருந்த குளோபு அரங்கு தேம்சு ஆற்றின் தென்கரையில் 1599-இல் எழுந்தது; 1613-இல் தீக்கிரையாகி, அடுத்த ஆண்டே மீண்டும் கட்டப்பெற்றது. 1642-இல் நாடாளுமன்றத்தின் ஆணையால் அரங்குகள் யாவும் மூடப்பெற்றன. எலிசபெத்து அரசியார் 1603-இலேயே மறைந்தனர். எனினும் 1642 வரையுள்ள நாடகங்களையும் எலிசபெத்துக் கால நாடகம் என்றே பொதுப்பட வழங்குதல் உண்டு. அவ்வழக்கினையே நாமும் மேற்கொள்கின்றோம்.

அவ்வரங்கின் மேடை அவையினர் நடுவே நீண்டு நின்றது. ஒரு பென்னி கொடுத்தவர் மூன்று பக்கமும் சூழ்ந்து நின்று கண்டனர். மிகுதி கொடுத்தவர் மாடங்களில் அமர்ந்தனர். நாடகம் பிற்பகற் கதிரொளியில் நடந்தது. ஓவியத் திரைகளால் இடத்தைக் காட்டும் வழக்கம் பொதுமக்கள் அரங்குகளில் இல்லை. காடு என்று ஒருவன் சொன்னால் அது காடு. தீவட்டி ஏந்தி ஒருவன் வந்தால் அது நள்ளிரவு. பெண் வேடங்களைச் சிறுவரே பூண்டனர். தொழில்முறை மேடையில் மகளிர் தோன்றியது 1660-க்குப் பின்னரே. அரசர் வீழ்ச்சியைக் கூறும் நாடகத்தினிடையே நகைவேழம்பர் புகுந்து பேசினர். 1599-இல் தாமசு பிளாட்டர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பயணி சூலியசு சீசர் நாடகத்தைக் கண்டார். சீசர் வீழ்ந்த கதை முடிந்ததும் நடிகர் ஆணும் பெண்ணுமாக வேடமிட்டு ஆடிய கூத்தினையும் தம் குறிப்பில் எழுதிவைத்துள்ளார்.

நடிகர் பயிற்சி முறையும் ஈண்டு நோக்கத்தக்கது. முழு நாடகமும் எழுதிய ஏடு நடிகர் அனைவர்க்கும் கிட்டுவதில்லை. தத்தம் உரைகளும், அவற்றிற்கு முன்னே பிறர் சொல்லும் இறுதிச் சொற்களும் மட்டும் எழுதிய சுருளே தரப்பெற்றது. எட்வர்டு அலீன் என்னும் பெருநடிகர் கைக்கொண்ட அத்தகைய சுருள் ஒன்று டல்லிச்சுக் கல்லூரியில் பாதுகாக்கப்பெற்று வருகின்றது. ஒத்திகை மிகச் சிலவே. நடிகர் ஒருவரோடொருவர் இயைந்து நடித்தற்குத் துணை நின்றது அனைவர்க்கும் பொதுவான வழக்கறிவேயாகும்.

2. கற்றோர் கண்ட குறை

இவ்வரங்கினை அக்காலக் கற்றோர் அனைவரும் போற்றினர் என்று கருதுதல் பிழை. சர் பிலிப்பு சிட்னி கவிதைக்கு அரணாக எழுதி, அவர் மறைவிற்குப்பின் 1595-இல் வெளிவந்த நூலில், தம் நாட்டு மேடையை எள்ளி நகையாடுகின்றார். ஒரு புறம் ஒரு கண்டமும் மறுபுறம் வேறொரு கண்டமும் ஒரே மேடையில் அமைவதும், சற்றுமுன் பூங்காவாக இருந்த இடம் உடனே கப்பல் உடைந்த பாறையாக மாறுவதும், அரசரோடு கோமாளிகள் கலந்து வருவதும் அவர்க்குப் பொறுக்கலாகாக் குற்றங்களாகப் பட்டன. சேக்சுபியரின் பெருமை பெரும்பாலும் சிட்னி குற்றமெனக் கண்டவற்றின்மேலேயே எழுந்தது என்பதைப் பிற்காலம் உணர்ந்தது.

நம் நாட்டிலும் இதனையொத்த நிலை தோன்றியது. ஆயின் இங்கு நேர்ந்தது இன்னும் வியப்பிற்குரியது. சிட்னி கையாண்ட அளவுகோல் பழங் கிரேக்க, உரோமானிய நூல்களினின்றும் வந்தது. நம்மவர் கூத்தினையும் இசை நாடகத்தினையும் இழித்துரைக்கக் கையாண்ட அளவுகோல்களுள் ஒன்று சேக்சுபியரே. காட்சித் திரை, கால இடப் பொருத்தம், இயல்பான உரையாடல் ஆகியவை ஆங்கில நாடகத்தின் சிறப்பென்றும், அவை இன்மை நம் மேடையின் தாழ்வென்றும் பேசப்பெற்றன. சேக்சுபியரின் மேடையிலும் அவை இல்லை என்பது எண்ணப்படவில்லை.

இதற்குக் காரணம் யாது? சேக்சுபியர் நமக்கு நூல் வடிவில் வந்தாரேயன்றி அரங்கு வடிவில் வரவில்லை. 1623-இல் முப்பத்தாறு நாடகங்களைத் தாங்கி வெளிவந்த முதற் பெருந்தொகுதியில், ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் இடத்தைக் குறிக்கும் முறை இல்லை. 1709-இல் நிக்கோலசு ரோவும் அவர்க்குப் பின் வந்த பதிப்பாசிரியர்களும் காட்சிப் பிரிவினை ஒழுங்குசெய்து, இடக்குறிப்புகளைச் சேர்த்தனர். பின்னர்ப் படச்சட்டம் போன்ற முன்முகப்பு மேடைகளில் ஓவியத் திரைகளோடு அந்நாடகங்கள் ஆடப்பெற்றன. நம் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்தது இவ்வாறு மாறிய சேக்சுபியரே.

இந்நூல்வழிப் பயிற்சியால் நாம் பெற்ற பயனும் பெரிதே. பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்தது. பரிதிமாற் கலைஞர் 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலைத் தந்தார். 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெத்தை அமலாதித்தன் என்றும், மாக்பெத்தை மகபதி என்றும் தமிழுடுத்தி மேடையேற்றினார். விபுலாநந்த அடிகளின் மதங்க சூளாமணி 1926-இல் மதுரைத் தமிழ்ச்சங்க வெளியீடாக வந்தது. சேக்சுபியர் நாடகங்கள் பன்னிரண்டினை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் வடமொழித் தசரூபகத்தையும் உடன்வைத்து ஆராயும் நூல் அது. நாடகக்காரருள் தலையாய மணி எனச் சேக்சுபியரையே அத்தலைப்புச் சுட்டுகின்றது.

அந்நூலை வெளியிட்ட தமிழ்ச்சங்கத்தை 1901-இல் நிறுவியவர் சேதுபதி மரபின் உறவினரும் பாலவனத்தம் குறுநிலத் தலைவருமாகிய பாண்டித்துரைத் தேவர் ஆவர். சேதுநாட்டார் ஒருவர் தோற்றுவித்த சங்கம் சேக்சுபியரைத் தமிழுலகிற்கு அறிமுகம் செய்தது. சேக்சுபியரின் அரங்கு எவ்வாறு இயங்கியிருக்கும் என்பதற்குக் கண்கூடான சான்றாகத்தக்க மேடையோ அதே சேதுநாட்டுச் சிற்றூர்களில் திருவிழாத்தோறும் எழுந்துகொண்டிருந்தது. இவ்விரண்டினையும் இணைத்து நோக்குவார் அன்று இலராயினர்.

3. சேதுநாட்டு மேடை

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரப் பகுதிகளில் இன்றும் ஆடப்பெறும் இசை நாடகம், 'ஸ்பெஷல் நாடகம்' என்றே மக்களால் வழங்கப்பெறுவது. இதன் பாடங்களுக்குப் பெரும்பாலும் மூலமாக நிற்பவை தவத்திரு சங்கரதாச சுவாமிகள் (1867–1922) யாத்த நாடகங்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம் முதலியன அவற்றுள் பெருவழக்கானவை. சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவரைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அச்சபையிற் பயின்ற டி.கே.எஸ். உடன்பிறப்பினர் பிற்காலத் தமிழ் மேடைக்குப் பெருந்தூண்களாயினர். சிறுவரே பெண் வேடமும் பூண்ட பாலர் சபைகள், இலண்டன் நகரத்துச் சிறுவர் குழுக்களை நினைவூட்டுவன.

ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர் ஒரே குழுவினர் அல்லர். இராசபார்ட்டு ஓர் ஊரினின்றும், ஸ்திரீபார்ட்டு வேறோர் ஊரினின்றும், பபூன் மற்றோர் ஊரினின்றும் தனித்தனியே அழைக்கப்பெறுவர். அன்றிரவு மேடையிலேயே அவர்கள் ஒருங்கு கூடுவர். ஒத்திகை என்பது இல்லை. ஆர்மோனியமும் மிருதங்கமும் தொடங்கியவுடன் நாடகம் ஓடத் தொடங்கும். பாடம் அனைவர்க்கும் பொது. வழக்கு அனைவர்க்கும் பொது. அலீனின் சுருளை நூலில் மட்டும் அறிந்த மாணவர், அம்முறை எவ்வாறு இயலும் என்று ஐயுறுவராயின், இம்மேடையைக் கண்டு ஐயம் தீர்தல் கூடும்.

இம்மேடையிலும் பபூன் முதலில் வந்து பாடி நகைப்பூட்டுகின்றான். அவனோடு ஆடுமகள் ஆடுகின்றாள். அதன்பின்னரே கதை தொடங்குகின்றது. ஆங்குத் துயரக் கதைக்குப் பின் ஆடல். ஈங்குக் கதைக்கு முன் ஆடல். தெருவும் காடும் கொலுமண்டபமும் தீட்டிய திரைகள் சில இங்கு உள எனினும், அவை இடத்தைக் குறிப்பால் உணர்த்துவனவேயன்றி மெய்போலக் காட்டுவன அல்ல. எழினிகள் மூன்று, வாயில் இரண்டு என அரங்கினை அளந்துரைத்த இளங்கோவடிகளும், மெய்ம்மைத் தோற்றத்தை நாடினாரல்லர். ஆடுவோர் வரவும் போக்கும் விளங்கத் தோன்றும் களத்தையே நாடினார்.

4. ஒருவர் கண்ணுக்கே தெரிவது

இதுகாறும் கூறிய ஒற்றுமைகளைத் தொகுத்து, இரு மேடையும் ஒன்றே என முடித்துவிடுதல் எளிது. ஒப்பாய்வு என்னும் பெயரால் இத்தகைய பட்டியல்கள் பல எழுந்துள்ளன. ஆயின் ஒத்த வழக்கொன்றினை எடுத்து, அது எதற்குப் பயன்படுகின்றது என்று வினவும்போதே உண்மை வேற்றுமை புலப்படும். அத்தகைய வழக்கொன்றினை இனி நோக்குவோம்.

ஏறத்தாழ 1606-இல் எழுந்த மாக்பெத் நாடகத்தின் விருந்துக் காட்சியில், மாக்பெத்தின் ஏவலால் கொலையுண்ட பாங்குவோவின் ஆவி வந்து மாக்பெத்தின் இருக்கையில் அமர்கின்றது. 1611-இல் குளோபு அரங்கில் அந்நாடகத்தைக் கண்ட சைமன் போர்மன் என்பார் இக்காட்சியைத் தம் ஏட்டிற் குறித்துள்ளார். ஆவியாக வரும் நடிகர் மேடைமேல் இருக்கின்றார். அவையினர் அவரைக் காண்கின்றனர், மாக்பெத் காண்கின்றான். விருந்தினர் காணவில்லை, அவன் மனைவியும் காணவில்லை. கண்முன் இருப்பவரை இலராகக் கொள்க என்பது ஈண்டுள்ள வழக்கு.

அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்தில் இவ்வழக்கே வேறோர் உருவில் வருகின்றது. சந்திரமதியின் கழுத்திலுள்ள தாலி அவள் கணவன் கண்ணுக்கன்றிப் பிறர் கண்ணுக்குப் புலப்படாது. நடிகையின் கழுத்தில் தாலி கிடத்தலை அவையினர் இரவு முழுதும் காண்கின்றனர். ஆயினும் நாடகத்துப் பிறர் அதனைக் காணார் என்பதற்கு உடன்படுகின்றனர். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைச் சுடலைக்குக் கொணர்ந்த தாயினிடம், சுடலை காப்போனாக நிற்கும் அரிச்சந்திரன் கால் பணமும் முழத்துண்டும் கூலியாகக் கேட்கின்றான். ஒன்றுமிலேன் என்கின்றாள் அவள். கழுத்திற் கிடக்கும் தாலியை விற்றுக் கொடு என்கின்றான் அவன். அந்நொடியிலேயே அவன் தன் கணவன் என்பதனை அவள் உணர்கின்றாள். நாம் கண்ட இரவில் அவ்வொரு சொல் பிறந்தபோது அவை முழுதும் அடங்கிற்று. கதையை முன்னரே அறிந்தவர்தாம் அவரனைவரும்.

இரு காட்சிகளிலும் வழக்கு ஒன்றே: அவை காண்பது, மேடையில் ஒருவன் மட்டும் காண்பது, பிறர் காணாதது. ஆயின் பயன் நேர்மாறானது. மாக்பெத் காண்பது அவன் குற்றம். அக்காட்சி அவனை விருந்தினரினின்றும், நாட்டினின்றும், இறுதியில் மனைவியினின்றும் பிரிக்கின்றது. கொலைக்கு முன் அவன் கண்ட குத்துவாளும் அவனுக்கே தோன்றியது. துயிலில் நடக்கும் அவன் மனைவி தன் கையிற் காணும் குருதிக் கறையும் அவளுக்கே தோன்றுவது. கொலையில் ஒன்றுபட்ட கணவனும் மனைவியும், ஒருவர் காண்பதனை ஒருவர் காணமாட்டாது தனித்தனியே அழிகின்றனர். அரிச்சந்திரன் காண்பதோ உறவு. அடிமையாய் விற்கப்பெற்று, உருவும் பெயரும் மாறி, ஒருவரையொருவர் அறியாது நின்ற இருவரை அக்காட்சி ஒன்றுசேர்க்கின்றது. ஆங்குத் தனிக்காட்சி தண்டனை. ஈங்குத் தனிக்காட்சி சான்று.

5. பின்னின்ற உலகநோக்கு

இவ்வேற்றுமை புலவர் இருவரின் மனப்போக்கால் மட்டும் வந்ததன்று. எலிசபெத்துக் கால ஆங்கிலேயர், இறைவன் முதல் கல் ஈறாக அனைத்தும் படிமுறையில் அமைந்த ஓர் ஒழுங்கினை நம்பினர் என்பதை டில்லியார்டு 1943-இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைத்தார். அரங்கின் அமைப்பே அதற்குச் சான்று. மேடைக் கூரையின் அடிப்புறம் வானமெனத் தீட்டப்பெற்றது. மேடையின் அடிப்புறம் நரகம் எனப்பட்டது. இடையே மனிதன் நின்றான். மாக்பெத் தன் அரசனை, உறவினனை, விருந்தினனைக் கொல்கின்றான். அவ்வொரு கொலையால் பகல் இருள்கின்றது. குதிரைகள் ஒன்றையொன்று தின்கின்றன. ஒழுங்கு மெய்யாகவே முறிகின்றது. முறிந்ததனை மீட்கப் போர் வேண்டும்; மீட்டபின்னும் இறந்த டங்கன் எழான்.

டில்லியார்டின் கருத்திற்குப் பின்வந்தோர் பலர் மறுப்பும் உரைத்துள்ளனர். படிமுறை ஒழுங்கினைப் பற்றிய புகழ்பெற்ற உரையைச் சேக்சுபியர் யுலிசசு என்னும் சூழ்ச்சியாளன் வாயிலாகக் கூறவைத்தார். அதனைப் புலவரின் கொள்கையாகவே கொள்ளலாகாது. அவ்வொழுங்கு ஐயத்திற்கு உள்ளாகியிருந்த காலமாதலின்றோ அதன் முறிவு நாடகப் பொருளாயிற்று என்பர். இதுவே நமக்கும் உடன்பாடு. நம்பிக்கையும் ஐயமும் ஒருங்கு நின்ற அவைக்கே அத்தகைய நாடகம் வேண்டியிருந்தது.

அரிச்சந்திர நாடகத்தில் ஒழுங்கு முறிவதில்லை; மறைகின்றது. அரசன் சுடலை காக்கின்றான், அரசி அடிமையாகின்றாள், மகன் இறக்கின்றான். ஆயினும் அறம் எங்கும் சிதையவில்லை. தாலி கழுத்திலேயே கிடந்தும் புலப்படாதது போல, அறமும் இருந்தே மறைந்துள்ளது. ஆதலின் முடிவு என்பது மீட்சி அன்று, வெளிப்பாடு. வெட்டவீழ்ந்த வாள் மாலையாகின்றது. மாண்ட மகன் எழுகின்றான். தாலியைப் பற்றிய அரங்க வழக்கு இவ்வுலகநோக்கின் சுருக்கமேயாகும். இதனைத் துயர நாடகம் ஆகாது எனக் குறைகூறுவோர், முறிவைக் காட்ட எழுந்த அளவுகோலால் மறைவை அளக்கின்றனர்.

6. தனிமொழியும் தருக்கமும்

இக்கருத்தினை உறுதிப்படுத்த இரு மேடைக்கும் பொதுவல்லாத வழக்கொன்றினையும் நோக்குதல் வேண்டும். ஆங்கில மேடையின் சிறந்த வழக்கு தனிமொழி. ஒழுங்கினை அறிந்தே மீறுபவன் தன்னுள் இரண்டாகப் பிளவுபடுகின்றான். அப்பிளவினைப் பிறரிடம் கூறவும் இயலாது. அவையோரிடமே கூறுதல் வேண்டும். நம் இசை நாடகத்தின் சிறந்த வழக்கோ தருக்கம். நாரதரும் வள்ளியும் நெடும்பொழுது நிகழ்த்தும் தருக்கத்தைக் கேட்பதற்கென்றே வருவோர் பலர். ஈண்டு முரண் இருவரிடையே வெளிப்பட நிகழ்கின்றது. அவை நடுவராய் அமர்கின்றது. சுடலையில் அரிச்சந்திரனின் அன்பும் கடமையும் மோதுகின்றன. சேக்சுபியர் கையில் அது தனிமொழியாயிருக்கும். இங்கோ கணவனும் மனைவியும் பாட்டால் வழக்காடும் உரையாடலாகின்றது.

மனோன்மணீயத்துக் குடிலன் தனித்துநின்று பேசுமிடங்கள் ஈண்டு நினைக்கத்தக்கன. அவை செறிவுடைய செய்யுட்கள். ஆயினும் அவற்றில் நாம் கேட்பது பெரிதும் சூழ்ச்சியின் கணக்கே. நெஞ்சின் பிளவு அன்று. தனிமொழி என்னும் உறுப்பு தமிழுக்கு வந்தது; அதனை இன்றியமையாததாக்கிய உலகநோக்கு உடன்வரவில்லை. இதனை ஆசிரியர் குறை என்பதினும், வழக்கினை உலகநோக்கினின்றும் பிரித்துக் கொணர்தலின் எல்லை என்பதே பொருந்தும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். மனைவியையும் மகனையும் விற்ற ஒருவனை அறத்தின் உருவாகக் காட்டும் கதையை இக்காலத்தார் எவ்வாறு ஏற்பர்? வினா நேரியதே. ஆயின் அவ்வினா நூலில் எழுவதினும் மேடையிலேயே வலிமையாக எழுகின்றது. கடன் தண்ட உடன்வரும் நட்சத்திரேசனின் நகைமொழிகளும், மகனை மடியிற் கிடத்திச் சந்திரமதி தொடுக்கும் வினாக்களும் அறத்தைக் கூண்டிலேற்றுகின்றன. நாடகம் விடை தருகின்றதோ இல்லையோ, வினாவை மறைக்கவில்லை. மாக்பெத்தின் வாயில் காப்போன் நகைப்பூட்டிக்கொண்டே நரக வாயிலை நினைவூட்டுவது போல்வதே இதுவும். அரசரிடையே கோமாளி புகலாகாது என்ற சிட்னி, இப்பயனைக் கருதினாரல்லர்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. அரங்க வழக்கினைக் குறையென்றோ நிறையென்றோ தனித்து மதிப்பிடலாகாது. அது தாங்கி நிற்கும் உலகநோக்கோடு சேர்த்தே மதிப்பிடல் வேண்டும் என்பது ஒன்று. நாடகத்தை நூலாக மட்டும் பயிலும் முறை சேக்சுபியரையும் முழுமையாகக் காட்டாது, சங்கரதாச சுவாமிகளையும் முழுமையாகக் காட்டாது என்பது மற்றொன்று. ஹாம்லெத்தின் 1603-ஆம் ஆண்டுப் பதிப்பும் 1623-ஆம் ஆண்டுத் தொகுதியும் தம்முள் பெரிதும் வேறுபடுதலை ஆங்கில அறிஞர் சொல் சொல்லாக ஒப்புநோக்கியுள்ளனர். சுவாமிகளின் அச்சிட்ட பாடத்திற்கும், அபிராமம் வட்டாரத்து மேடையில் நடிகர் அவ்விரவில் பெருக்கியும் சுருக்கியும் உரைக்கும் பாடத்திற்கும் உள்ள வேறுபாடு அத்தகைய உழைப்பினை வேண்டி நிற்கின்றது. நடிகர் நாவில் வாழும் பாடம் அவரோடு மறைவது. ஆதலின் நம் பட்டமேற்படிப்பு மாணவர் ஏட்டினை ஒரு கையிலும், விடியும்வரை விழித்திருக்கும் பொறுமையை நெஞ்சிலும் கொண்டு திருவிழா மேடைக்குச் செல்வாராக. சேக்சுபியரை மீண்டும் கற்றற்கும் அதனினும் சிறந்த ஆய்வுக்களம் நமக்கு அருகில் இல்லை.